பனியில் ஓட்டிப் பழக்கம் உண்டா?

காலையில் எழுந்ததும் முதல் வெந்நீர் வண்டிக்கு, மிச்சமிருந்தால் எனக்கு. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளுக்கிடையே இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வைத்தியனாக வந்த பிறகு என் வீட்டில் ஏற்பட்டிருக்கும் மரியாதை வரிசை இது. மாலையில் மோட்டாரின் ரேடியேட்டரில் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் விடிவதற்குள் உறைந்து உப்பி இரும்பையே பிளந்துவிடும். மறுநாள் கெட்டில் கொதித்ததும் கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போய், பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் பதம் பார்த்து ஊற்ற வேண்டும். தென்காசிக்காரனுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறில்லை. மூன்று மைலில் குற்றாலம் கொட்டிக்கொண்டிருக்க, வெந்நீரில் குளிக்கிறவனை எங்கள் ஊரில் நோயாளி என்பார்கள். நோயாளி இல்லையென்று தெரிந்தால் மதராஸ்காரன் என்பார்கள்.

கெட்டில் கொதிக்கும்வரை ஜன்னலருகே நின்று எதிர்மலையைப் பார்ப்பது சென்ற குளிர்காலத்தில் எனக்கு ஏற்பட்ட பழக்கம். சரிவில் இரண்டு மைல் மேலே ஒரு பண்ணைவீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மாடி ஜன்னலில் சிவப்புக் கம்பளி தொங்கினால் அந்த வீட்டு இசபெல்லுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று அப்போது அர்த்தம். நான் உடனே போக வேண்டும். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தலைப்பிரசவம். எனக்கு முன்பிருந்த டாக்டரின் வண்டி வழியில் புதைந்துபோய், அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. குழந்தை அவருக்காகக் காத்திருக்கவில்லை; தங்கவும் இல்லை. அவள் இந்தத் தடவை என்னை நம்பியிருந்தாள். நம்பியதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வார்த்தையின் கதைதான் இது.

நான் இங்கே வந்து இறங்கியது ஒரு மே மாதத்தில். அதற்கு முன் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போகும் கப்பல்களில் வைத்தியனாக இருந்து, தலைவலிக்கும் கடல்மயக்கத்துக்கும் ஒரே மருந்தை இரண்டு நிறத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இலையுதிர் காலம் வந்ததும், நோயாளிகளைப் பார்க்கப் போக மோட்டார் வேண்டும் என்றார்கள். ஊரில் மோட்டார் ஷெட் ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் ஹேமிஷ். என் வயதுக்காரர். இசபெல்லுக்கு உடன்பிறந்த அண்ணன். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். என்னுடையது அவருக்குக் கால்வாசி. அவர் பேசும்போதே மனசுக்குள் தென்காசித் தமிழாக்கிக்கொண்டால்தான் எனக்கு அர்த்தமாகும். ஆகையால் அவரை இங்கே தமிழ் பேச வைக்கிறேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

"பனியில ஓட்டிப் பழக்கம் உண்டா, டாக்டரய்யா?" என்று கேட்டார் ஹேமிஷ்.

"உண்டாவா? பதினஞ்சு வருசம்!" என்றேன்.

"எங்கன?"

"எங்க ஊர்லதான். மார்கழி பூராவும் பனி. முன்னால போற மாடு தெரியாது."

"மாடு தெரியாதா!" ஹேமிஷ் வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாடு என்ன, வண்டியே தெரியாது."

"பெறவு என்ன செய்வீய?"

"ஒருத்தர் லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடப்பார். எட்டு மணிக்கு வெயில் ஏறிட்டா எல்லாம் போயிரும்."

மாடு மூழ்கும் பனியை எட்டு மணிக்குள் உருக்கிவிடும் வெயில்! ஹேமிஷுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். "இந்தியா வெயில் பொல்லாததுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை. ஸ்னோ என்றால் பனி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அதற்குப் பிறகு எத்தனை இங்கிலீஷ் நாவல்களில் ஸ்னோ பெய்திருக்கிறது! பெய்த போதெல்லாம் எனக்குள் விரிந்தது கடையநல்லூர் சாலைதான். மார்கழி விடியலில் என் அக்காள் புருஷன் சுப்பையா அத்தானின் பழைய மோட்டாரை நான் ஓட்டுவேன். அத்தான் லாந்தருடன் முன்னால் நடப்பார். மலையும் இருக்காது, வயலும் இருக்காது. பால் கொதிக்கும்போது எழும் ஆவிக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருக்கும். "மாப்ளே, பனியில கண்ணை நம்பாதே. காதைத் தீட்டிக்கோ. எதிர்ல மணிச் சத்தம் கேக்குதான்னு பாரு" என்று அந்த ஆவிக்குள்ளிருந்து அத்தான் குரல் வரும். எங்கேயோ காளைகளின் கழுத்துமணி கேட்கும். வண்டியை ஓரங்கட்டுவேன். மணி எங்களைக் கடந்து போகும். காளைகளைக் கடைசிவரை பார்த்திருக்க மாட்டோம். நாவலாசிரியர்கள் ஆள் உயரத்துக்கு ஸ்னோ கிடந்ததாக எழுதியிருந்தால், எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இசபெல் அண்ணனுக்கு முட்டை கொண்டுவந்திருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா? பனியில ஓட்டுவீயளா?" என்று என்னைக் கேட்டாள்.

"நெசந்தாம்மா."

"அப்பம் நான் எங்கயும் போகலண்ணே. எங்க வீட்லயே பெத்துக்கிடுதேன்" என்று ஹேமிஷிடம் சொல்லிவிட்டாள். நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள நகரத்து ஆஸ்பத்திரிக்கு டிசம்பரிலேயே போய்விடுவதாக அதுவரை ஏற்பாடு. நான் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த மீசையை இப்போது நினைத்தாலும் பிடுங்கத் தோன்றுகிறது.

ஷெட்டில் விலைக்கு இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று நீலநிறம், தாழ்வாக, மெத்தை மாதிரித் தடித்த சக்கரங்களோடு, மாப்பிள்ளை அழைப்புக்கென்றே செய்தது போலிருந்தது. மற்றொன்று தகரப்பெட்டிக்குக் கொக்குக்கால் வைத்தது: உயரமான, ஒல்லியான சக்கரங்கள். நான் கொக்கைக் காட்டினேன். எங்கள் பக்கத்து மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். உயர்ந்து ஒடுங்கிய சக்கரம் நடவுக்காலத்துச் சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடும். அகலமான சக்கரம் சேற்றின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடும். ஹேமிஷ் தலையை ஆட்டினார். பின்பாரம் வேண்டும், இரண்டு மணல் மூட்டைகளைப் பின்சக்கரத்துக்கு மேலே போடுங்கள் என்றேன். அதுவும் வண்டிக்காரப் புத்திதான். அவர் தொப்பியைக் கழற்றாத குறை. பனியை அறிந்தவன் என்று அன்றைக்கு ஊர் முழுக்கப் பேச்சு. நான் அறிந்தது சேறுதான் என்று எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே பனி அதிகமாம் என்று அத்தானுக்கு எழுதினேன். பதில் வந்தது: "பனி அதிகம் என்று எழுதியிருந்தாய். தலையில் துண்டு கட்டாமல் வெளியே போகாதே. வண்டியை மரத்தடியில் நிறுத்தாதே. விடிய விடியச் சொட்டும். சுக்குக் காப்பி குடி." நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

டிசம்பர் நடுவில் ஒரு மத்தியானம் வெள்ளையாக ஏதோ இறங்கியது. சாரல் என்றுதான் முதலில் நினைத்தேன். குற்றாலத்துச் சாரலும் இப்படித்தான், விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே விழும். கையை நீட்டினேன். விழுந்தது ஈரம் இல்லை, ஒரு சிறிய பூ; பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரமாயிற்று. பிறகு அது நிற்கவில்லை. ஐந்தருவியும் பேரருவியும் சேர்ந்து இறங்குவதுபோல் ஆகாயம் முழுவதும் இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. அருவி என்றால் அரை மைல் தள்ளியே இரைச்சல் கேட்டுப் பழகிய எனக்கு, காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து ஒருமுறை கைதட்டிப் பார்த்துக்கொண்டேன். வேலி போயிற்று. கிணற்றடி போயிற்று. தபால்பெட்டி வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. கனவில் நடக்கிறவனைத் தோளைத் தொட்டு எழுப்பியதுபோல் ஒரு விஷயம் உறைத்தது: முன்னால் போகிற மாடு தெரியாது என்று சொன்னேனே, ஹேமிஷ் என்ன நினைத்திருப்பார்?

முழங்கால் புதையப் புதைய ஷெட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, இதுக்குப் பேருதான் ஸ்னோவா?" என்றேன்.

"பெறவு?"

"எங்க ஊர்ல பனின்னா இது இல்ல. அது புகை மாதிரி. புல்லு நுனியில சொட்டும்."

ஹேமிஷ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த வசவில் பனிக்கட்டியும் உடைந்திருக்கும். இதுவரை மனசுக்குள் 'டாக்டரய்யா' போட்டுவந்த என் மொழிபெயர்ப்பு தானாகவே எங்கள் பக்கத்து 'வே'க்கு இறங்கியது.

"வே, உம்ம நம்பி எந்தங்கச்சி இங்கன இருக்கா. இன்னைக்குக் கணவாய் அடைச்சாச்சு. இனி பட்டணத்துக்கு வழி கிடையாது."

"அவகிட்ட உண்மையைச் சொல்லிருதேன்."

"சொல்லி? இத்தனை மாசமா அவ ராத்திரி ஒறங்குதான்னா உம்ம பேச்சை நம்பித்தான். அந்த ஒறக்கத்தையும் கெடுக்கப் போறீரா?" பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். "சொன்னது பொய்யாப் போச்சுன்னா மெய்யாக்கும்வே. மூணு வாரம் கிடக்கு."

அந்த மூன்று வாரம் நான் மாணவனாக இருந்தேன். கெட்டிக்கார மாணவனாக இல்லை. குளிருக்கு எண்ணெய் கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்று நானாக ஊற்றிவைத்திருந்த எஞ்சின் எண்ணெய், மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல் உறைந்து கிடந்தது. அதை வழித்துக் கொட்டிவிட்டு ஹேமிஷ் மெல்லிய எண்ணெய் விட்டார். பனி ஒட்டாமலிருக்கக் கண்ணாடியில் கிளிசரின் தடவச் சொன்னார். பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலி சுற்றுவதற்கு விரல் விறைக்க விறைக்கப் பழக்கினார். வழுக்கும்போது பிரேக்கை மிதித்தேன். வண்டி என்னைச் சுற்றிக் காட்டிவிட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றது. "மிதிக்காதேயும்! அது போற பக்கம் நீரும் திருப்பும்!" என்று ரோட்டோரத்திலிருந்து கத்தினார். கடைசியாக ஒரு சங்கதி சொன்னார். இந்த வண்டிக்குப் பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கடியில் இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் முகம் மேலே தூக்கிக்கொண்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாது. "பண்ணைக்கு ஏறுத வழியில பாலந் தாண்டினதும் அப்படித்தான் நிக்கும். நின்னா திருப்பி, பின்னாலயே ஏத்தும். தொட்டி உசந்து பெட்ரோல் தானா இறங்கும்" என்றார்.

இடையில் ஒருநாள் இசபெல்லைப் பரிசோதிக்க ஹேமிஷின் குதிரைச் சறுக்குவண்டியில் போனேன். "மோட்டார் என்னாச்சு?" என்றாள். "எண்ணெய் மாத்துதோம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் முழு உண்மையாகவும் முழுப் பொய்யாகவும் இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. மலை, ஆகாயம், பண்ணை எல்லாம் ஒரே வெள்ளை. நடுவில் குங்குமம் வைத்ததுபோல் ஒரு சிவப்பு.

கெட்டில் கொதித்த நேரம் என் ஆயுளில் பாதி. தலையில் துண்டைக் கட்டினேன். அத்தான் சொல்லைத் தட்டினால் இன்றைக்கு ஆகாது என்று தோன்றிவிட்டது. ஹேமிஷ் ஷெட்டிலிருந்து ஓடிவந்து ஹேண்டிலைச் சுழற்றினார். "நீங்களும் ஏறுங்க" என்றேன். "நான் ஏறினா நீரு ஓட்டமாட்டீரு, என்னைய பாப்பீரு. போவும்!" என்று வண்டியின் முதுகில் தட்டினார். சங்கிலி சலங்கையாய்ச் சப்தித்தது. கொக்கின் கால்கள் பனியை வெட்டிக்கொண்டு போயின. மூட்டைகள் பின்பாரம் காத்தன. பாலம்வரை சொப்பனத்தில் போவதுபோல் போனேன். பாலத்தைத் தாண்டி இருநூறு கஜத்தில் எஞ்சின் இரண்டு தடவை விக்கி, நின்றது.

எவ்வளவு அமைதி! முந்தைய டாக்டரும் இங்கேதான் நின்றிருப்பார். அவரும் இந்த அழகைப் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் பிரேக்கைத் தளர்த்தினேன். வண்டியை மெல்ல வழியவிட்டுப் பாலத்தருகே அகலமான இடத்துக்குக் கொண்டுவந்து, நாலைந்து முறை முன்னும் பின்னுமாகத் திருப்பி, அதன் முகத்தை ஊரைப் பார்க்க வைத்தேன். இறங்கி ஹேண்டிலைச் சுழற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரிவர்ஸ் போட்டேன். வண்டியின் முதுகு மலையேறத் தொடங்கியது. கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டு, சிவப்பைக் குறிவைத்துப் போனேன். முன்கண்ணாடியில், நான் விட்டுவந்த பள்ளத்தாக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே என் மடியில் கிடந்தது. போகிற இடம் முதுகுப்பக்கம், விட்டுவந்த இடம் முகத்துக்கு நேரே. இப்படி ஓட்டுவது புதிதாகத் தோன்றவில்லை. கப்பலேறிய நாளிலிருந்து நான் இப்படித்தான் முன்னேறிக்கொண்டிருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கால் வெளியே தெரிந்தது. மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மேற்கொண்டு அரைமணி நேரம் என் கைகளுக்குத்தான் வேலை. அவை என்னைவிடக் கெட்டிக்காரக் கைகள். பெண்குழந்தை. முதலில் நீலமாக இருந்தாள். பிறகு கோபித்துக்கொண்டு சிவந்தாள். அந்த அழுகைதான் அன்று அந்த மலையில் எழுந்த பெரிய சத்தம்.

"சங்கிலிச் சத்தம் பாலத்துலேருந்தே கேட்டுது" என்றாள் இசபெல், கண்ணைத் திறக்காமல். "நடுவுல நின்னுது. பெறவும் கேட்டுது. நீங்கதான் பனியில ஓட்டினவராச்சேன்னு பேசாம கிடந்தேன்."

"ஆமா, ஓட்டியிருக்கேன்" என்றேன். சொல்லி மூன்று மாதம் கழித்து அந்த வார்த்தை மெய்யாயிற்று.

மாலையில் வண்டித் தண்ணீரை வடித்துவிட்டு அத்தானுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் விவரமாக எழுதிவிட வேண்டும், இந்தப் பனி வேறு என்று சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்கு ஒரு சொல் வேண்டுமே! நாலைந்து எழுதி எழுதி அடித்தேன். கடைசியில், "அத்தான், இங்கே பனி அதிகம்தான். துண்டு கட்டிக்கொண்டுதான் போனேன். கண்ணை நம்பாதே, காதைத் தீட்டிக்கோ என்பீர்களே, இங்கே ஒருத்தி அப்படியேதான் செய்தாள்" என்று எழுதி ஒட்டினேன். அதைப் படிக்கும்போது அவர் கண்முன் கடையநல்லூர் சாலைதான் விரியும். ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு லாந்தர் வெளிச்சம் அதற்குள் அசைந்து முன்னால் போவதுபோல் இருந்தது. ஹேமிஷ்தான், மருமகளைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மணிச் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.