இரண்டு நிமிடக் கூடாரமும் ஒரு தட்டுக் கரியும்

ஃபர்வானியாவில் கூடாரம் விற்கிற தம்பி, நீ என்னிடம் பொய் சொன்னாய்.

குளிர்காலத்தில் என் கஃபீல், அதாவது எனக்கு விசா தந்த அரபு முதலாளி, வல்லூறு வைத்து வேட்டையாடப் பாலைவனத்துக்குப் போவார். அங்கே கேம்ப் போடுவது என் டூட்டி. பழைய கூடாரத்தை நிறுத்த நாலு ஆள் வேண்டும் என்பதால், சுலபமாக விரிகிற ஒன்றைத் தேடி உன்னிடம் வந்தேன்.

"ஒரே ஆள், ரெண்டே நிமிஷம்ணே," என்றாய்.

"உள்ளே கரி மூட்டலாமா?"

"தாராளமா. சூடு அப்படியே நிக்கும்."

கேம்பில் அது இரண்டு நிமிடத்தில் விரிந்தது உண்மை. மறுநாள் காலை குளிர் தாங்காமல் தட்டில் கரி மூட்டி உள்ளே வைத்தேன். மேலே இருந்த காற்றுத் துளையையும் சாக்கால் அடைத்தேன். அது என் முட்டாள்தனம். உன் தலையில் கட்டவில்லை. சமையல்காரர் செல்வம் உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அரை மணி கழித்து வெளியே இருந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. குளிரில் விறைத்த என் விரல்களால் ஜிப்பைத் திறக்க முடியவில்லை.

வல்லூறுகளைக் கவனிக்கிற பாகிஸ்தான்காரர் ஓடிவந்து கத்தியால் துணியைக் கிழித்தார்.

"பாய், கஃபீலோட புது டெண்ட்!" என்று அலறினேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

டெண்ட் கிடக்கட்டும், ஆளைப் பாருடா என்று இந்தியில் திட்டிக்கொண்டே அவர் கரிப்புகையில் மயங்கிக் கிடந்த செல்வத்தை வெளியே இழுத்தார். வாந்தி எடுத்த பிறகு செல்வம் கண் திறந்தார்.

"வெங்காயம் பாதி கெடக்குடா," என்றார்.

இப்போது புகைக்குழாய் வைத்த அடுப்புக் கூடாரம் வாங்கியிருக்கிறோம். நிறுத்த அரை மணி ஆகிறது. ஒரு முனையைச் செல்வம் பிடிக்கிறார். எனக்கு அது போதும்.

என் தவற்றை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீயும் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்க இதற்குப் பதில் சொல்: உள்ளே கரி மூட்டலாமா?