பன்னிரண்டாவது சாண்

பதினோரு சட்டைகளையும் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு என் ஓரகத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் வேலூருக்கு வேலைக்குப் போகும் வழியில், கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் பைக்கோடு விழுந்து செத்துப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் சோறு வடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். “விரிப்பு நெய்யப் போறேன். எது ஓரத்துக்கு, எது நடுவுக்குன்னு சொல்லு” என்றாள். புடவைக்குக் கரை நிறம் கேட்கும் அதே குரல்.

சேவூரில் எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்குப் பிள்ளை இல்லை. சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் இருவரில் யார் முதலில் கண்ணில் படுகிறோமோ அவளிடம் பையை நீட்டுவான். அவனை எடுத்துப்போன அன்று அவள் அழவில்லை. நானும் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் புடவை நெய்யும் பட்டுத் தறியில் துணிக்கீற்றை நெய்ய முடியாது. நீளவாக்கில் ஓடும் அதன் பாவு நூல் அவ்வளவு மெல்லியது. அதனால் ஆசாரியிடம் சொல்லி ஒரு மரச்சட்டம் செய்து வைத்திருந்தாள். தடித்த பருத்தி நூலில் பாவு. சட்டைகளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக் குறுக்கே ஊடை. சட்டைக்கு ஒரு சாண் நீளம் என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டிருந்தாள். வெளிர்நீலம், கோடு போட்டது, தீபாவளிக்கு எடுத்த மெரூன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருந்தது. பன்னிரண்டாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அது எந்தச் சட்டை என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்தது பீரோவின் அடித்தட்டில் இருந்தது.

“அத இன்னா பண்றதுன்னு தெரியல” என்றாள்.

அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அப்போதுதான் உள்ளே வந்தார். தரையில் கிடந்த சட்டைகளைப் பார்த்தார். “புள்ள சட்டைய கீழ போட்டு மிதிக்கப் போறியா?”

“பீரோல வெச்சா யாரும் தொடக்கூட மாட்டாங்க. கீழ கெடந்தா மேல ஒக்காரலாம், படுக்கலாம்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது நான் அந்தக் கவரைப் பிரித்தேன். கட்டம் போட்ட சட்டை. உடம்பிலிருந்து கழற்ற முடியாமல் முன்பக்கத்தையும் கைகளையும் கத்தரித்திருந்தார்கள். மூன்று முறை துவைத்தேன். கறை டீக்கறை மாதிரி வெளுத்ததே தவிரப் போகவில்லை. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

கொடியில் கிடந்ததை அவள் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். காய்ந்ததும் எடுத்து மடியில் வைத்துக் கிழித்தாள். கீற்றுகள் முழ நீளம்கூட வரவில்லை. அவள் கிழிக்கக் கிழிக்க நான் ஒவ்வொன்றாக முனை சேர்த்துத் தைத்தேன். அந்த ஒரு சாணை நெய்யத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. எங்கள் பேச்செல்லாம் நூலையும் ஊசியையும் பற்றித்தான்.

விரிப்பைக் கூடத்தில் போட்ட பிறகு மாமா அதை ஒரு முறைகூட மிதிக்கவில்லை. சுவரை ஒட்டியே நடந்து அறைக்குப் போவார், வருவார். நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து காய் நறுக்கினோம். அவனைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

போன வாரம் மதியம் சோறு போட்டுவிட்டு அவரைக் கூப்பிடப் போனேன். விரிப்பின்மேல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஓரகத்தியும் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எழுப்பாத, தூங்கட்டும்” என்றாள்.

அவர் தட்டை மூடி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் சாப்பிட்டோம்.