புளியமரத்து நாரைகளும் மாமியாரின் கணக்கும்

நாரை அழகு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கூடு கட்டின மரத்தடியில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எச்சம் தலையில் விழும். நத்தை நாற்றம் குடலைப் பிடுங்கும். அலகோடு அலகைத் தட்டி நாள் முழுக்க டக டக என்று ஒரே சத்தம். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டை ஒட்டின எங்கள் ஊருக்கு வாழ வந்த முதல் வருஷம், துவைத்துக் காயப்போட்ட சேலையைப் பாழாக்கின ஒரு நாரையை, பிறந்த ஊரில் கற்ற வசவு அத்தனையும் எடுத்து வைதிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் பிறகு அதுங்களுக்காக ஒரு பெரிய பொய்யும் சொன்னேன்.

எங்கள் ஏரிக்குக் கல்வராயன் மலை ஓடையிலிருந்து தண்ணீர் வரும். ஏரிக்கரை மேல்தான் ரோடு. ரோட்டோரம் வரிசையாகப் பதினோரு புளியமரங்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினதும் நாரைகள் வந்துவிடும். எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். கார்த்திகையில் கூடு கட்டும், தையில் குஞ்சுகள் கழுத்தை நீட்டும், பங்குனியில் பறக்கப் பழகிக் கிளம்பிவிடும். வயலில் நத்தை பொறுக்கித் தின்பதால் நத்தைகுத்தி என்று பேர். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும்.

எனக்கு அதுங்களோடு ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் ஊர்ப் பெண்களின் வாய்தான். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. குழாயடிக்குப் போனால், "இன்னாடி, விசேஷம் ஒண்ணியும் இல்லியா?" என்று குடம் நிரம்புகிற வரைக்கும் கேட்பார்கள். அந்த வாய்க்குப் பயந்து, புல்லறுக்கிற சாக்கில் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நாரை ஒருபோதும் விசேஷம் கேட்டதில்லை.

சும்மா உட்கார்ந்தவளுக்குப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப் போயிற்று. உச்சி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். ஏரிக்குப் போய்த் தண்ணீரை விழுங்கி வந்து குஞ்சுகள் மேல் கக்கி நனைக்கும். அதை முதல் தடவை பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாள் காற்றில் ஒரு குஞ்சு கீழே விழுந்து கிடந்தது. நாய் வருவதற்குள் மடியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல அவனவன் ஆடு வளக்கறான், கோழி வளக்கறான், எம் பொண்டாட்டி நாரை வளக்கறா!" என்றார். ஆனாலும் குஞ்சைக் கூடையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு, மடமடவென்று மரமேறி அதன் கூட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து நாயை விரட்டுவதும், கவண் எடுத்து வருகிறவனைத் திட்டுவதும், விழுந்த குஞ்சை மேலே ஏற்ற அவரைக் கூப்பிடுவதும் எனக்கு வேலையாயிற்று. நாரைக்காரி என்று ஊர் பேர் வைத்தது. வைக்கட்டுமே, எனக்கென்ன.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எங்கள் பக்கம் எந்த ரோடு எந்த நாளில் மறிபடும் என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் அதில் முன்னால் நின்றார். நிற்காமல் என்ன செய்வார்? நல்ல மார்க்கு வாங்கியும் மேல்படிப்புக்கு இடம் கிடைக்காமல் கரும்பு வெட்டப் போனவர். அந்தக் கோபம் நியாயமானது என்று எனக்கும் தெரியும், அதைப் பற்றி ஒரு நாளும் நான் எதிர்த்துப் பேசினதில்லை.

அந்தத் தை மாதம் மறியலுக்கு முன்னாலேயே போலீஸ் பிடித்து வைத்துவிடும் என்று இரண்டு வாரம் மணலூர்பேட்டைப் பக்கம் கூட்டாளிகளோடு தங்கியிருந்தார். ஒரு நாள் விடிகாலை வீட்டுக்கு வந்தார். வந்ததும் பரணிலிருந்து பெரிய ரம்பத்தையும் கோடாலியையும் இறக்கினார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"இன்னைக்கு மறியல். ஏரிக்கர ரோட்டுல மரத்தச் சாய்க்கணும்."

"எந்த மரம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்க இன்னா ஆலமரமா இருக்குது? புளியமரந்தான்."

"ஐயோ, மரம் பூரா குஞ்சு இருக்குதுங்க! இன்னும் றெக்க கூட மொளைக்கல!"

"நானா முடிவு பண்ணேன்? எல்லாரும் பேசி வெச்சிட்டாங்க. வுடு" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. ஆனால் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முப்பது ஆம்பிளைகள் கூடின இடத்தில் நான் போய் நாரைக்காகப் பேசினால் கைகொட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் அவமானம். கொல்லையில் என் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஓடிப் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, வாயில் அதுவாக வந்தது.

"அத்த, நான் முழுகாம இருக்கேன்."

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளையாண்டிருக்கும்போது புருஷன் பச்சை மரத்தில் கோடாலி வைக்க மாட்டான். வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என் மாமியாரைவிட அதைக் கறாராகப் பார்க்கிறவர் கிடையாது. ஊரில் பாதிப் பிரசவம் அவர் கையில்தான். அது அவர் தொழிலில்லை, கைராசி என்று கூப்பிடுவார்கள். எவளுக்கு எத்தனை மாசம், எந்த வாரத்தில் வலி எடுக்கும் என்று விரல் விட்டுச் சொல்வார். அவர் சொன்ன கணக்கு தப்பாது என்று அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேர்.

மாமியார் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். கையைச் சேலையில் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஏரிக்கரையில் கூட்டம் நின்றது. நாரைகள் மேலே எழும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் முதல் மரத்தடியில் கோடாலியோடு நின்றார்.

"டேய், கோடாலியக் கீழ போடு!" என்றார் மாமியார். "உம் பொண்டாட்டி முழுகாம இருக்கா."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது! கோடாலியை அப்படியே நழுவவிட்டுவிட்டார். சிரிக்கவும் தெரியாமல், அத்தனை பேர் நடுவில் என்னிடம் வரவும் முடியாமல் நின்றார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள்.

"செரி பெரிம்மா, அவன் வேணாம். நாங்க வெட்டிக்கறோம்" என்று ஒருவர் ரம்பத்தை எடுத்தார்.

"நீயா? உன்னுதுக்கு ஏழு மாசம் முடிஞ்சி போச்சி. உங்கம்மா சொல்லலியா?" அவர் ரம்பத்தை வைத்துவிட்டார். "அங்க இன்னாடா பல்லக் காட்டிக்கினு நிக்கற? உன்னுதுக்கு அஞ்சு. உன்னுதுக்கு நாலு. உன் பொண்டாட்டி இன்னும் வெளிய சொல்லல, எனக்குத் தெரியும், ரெண்டு!" அந்த ஆளுக்கே அப்போதுதான் தெரியும், வாயைப் பிளந்தார். வைகாசியில் அத்தனை கல்யாணம் நடந்த ஊர், வேறு எப்படி இருக்கும்? மீதி இருந்தவர்கள் கல்யாணமாகாதவர்கள், ரம்பத்தின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியாதவர்கள். அதிலும் பாதிப் பேரைத் தாய் வயிற்றிலிருந்து வெளியே இழுத்துப் போட்டதே மாமியார்தான். எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

"மறியல் பண்ண வேணாம்னு நான் சொன்னனா?" என்றார் மாமியார். "ஆலைக்குப் போற கரும்பு வண்டிய நாலு குறுக்க வுடு. மாட்ட அவுத்துக் கட்டு. எவன் தாண்டிப் போறான்னு பாப்பம்."

அப்படித்தான் செய்தார்கள். மத்தியானம் போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது. நாரைகள் திரும்பிக் கூட்டில் இறங்கின.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மாமியாரையே ஏமாற்றிவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரு கெக்கலிப்பு. வாசலில் அவர் நின்றார்.

"ஏன்டி, நீ தலைக்குக் குளிச்சி வூட்டுக்குள்ள வந்து ஒம்பது நாளுதான் ஆவுது. உனக்கு வெந்நி வெளாவி வெச்சது யாரு?"

மாதத்தில் மூன்று நாள் பின்கட்டில் தனியாக உட்காருகிற வீட்டில், அதை மறந்து, ஊர்க் கணக்கே கையில் வைத்திருக்கிறவரிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்ன மடச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்பறம் ஏன் அத்த வந்தீங்க?"

"உன் நாரைக்காவன்னு நெனச்சியா? பச்ச மரத்த வெட்னா கேஸு வேற மாதிரி. வண்டியக் குறுக்க வுட்டா சாயங்காலம் வுட்டுருவான்." உள்ளே போகத் திரும்பினவர் நின்றார். "எம் புள்ள மூஞ்சியப் பாத்தியா நீ? அதுக்கு நீதான் பதில் சொல்லிக்கணும்."

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பொழுது சாயும்போது வீட்டுக்காரர் வந்தார். வேட்டி மடியில் எதையோ அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார். புளியங்காய். வருகிற வழியில் ஏரிக்கரை மரத்தில் ஏறி, கூடு இல்லாத கிளையாகப் பார்த்துப் பறித்திருக்கிறார். "உனக்கு வாய்க்குப் புளிப்பா வேணும்ல?" என்றார். சட்டையெல்லாம் நாரை எச்சம்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் கூசினது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். குஞ்சுகளுக்காகச் சொன்னேன், வேறு வழி தெரியவில்லை, என்னை அடித்தாலும் சரி என்று அழுதேன். அவர் அடிக்கவில்லை. கொட்டின புளியங்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். மண்டபத்தில் கூட்டாளிகளோடு பிள்ளைக்குப் பேர் கூட யோசித்துவிட்டாராம், பிற்பாடு சொன்னார். நான் அவரை அவ்வளவு நோகடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குஞ்சு பறக்க எத்தினி நாளாவும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம்."

"அடுத்த மறியல் எப்போன்னு எவனுக்குத் தெரியும். யார்கிட்டயும் மூச்சு வுடாத. அதுங்க பறக்கற வரைக்கும் நீ முழுகாமத்தான் இருக்கற."

இரண்டு மாதம் இருந்தேன். குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். அடுத்த மறியலும் வந்தது. கரும்பு வண்டிகள்தான் குறுக்கே நின்றன. பங்குனிக் கடைசியில் மரங்கள் காலியானதும், இனி ஊருக்கு என்ன சொல்வது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு என்னோடு குழாயடிக்கு வந்தார்.

"இவ வயித்துல ஒண்ணியும் இல்ல. நாளுதான் தள்ளிப் போயிருக்குது. அவ மேல தப்பு இல்ல" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "என் கணக்கு தப்பிப் போச்சு."