டோன்யா ஃப்ளாவியா செத்தாளா என்கிற வழக்கு

அன்செல்மோ டிவி பார்ப்பதில்லை. யாரும் கேட்காமலே அவர் இதைச் சொல்லுவார். "நான் எங்க பார்க்கறேன், அது கண்ணுல படுது, அவ்வளவுதான்."

ராத்திரி எட்டு மணித் தொடரை அவர் மனைவி சலோமே துணி மடித்துக்கொண்டே பார்ப்பாள். அந்நேரம் அவர் வாசலில் உட்கார்ந்து தன் ட்ரைசைக்கிளின் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பார். கதவு திறந்திருக்கும், கண்ணில் படும். இப்படிக் கண்ணில் பட்டே இருபத்தாறு வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தொடர்களையும், சலோமேயின் வற்புறுத்தலால் வருடம் தவறாமல் ஒரு கிறிஸ்துமஸ் படத்தையும் அவர் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

பார்க்காத பொருளில் கருத்துச் சொல்லக் கூடாது என்று சட்டமில்லை. மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கத்தொட்டியில் ஆள் ஏறிவிட்டால், சந்தை வாசல் வரும்வரை இறங்கவும் வழியில்லை.

"அந்த மாளிகைப் படியில மூணு பேர் உருண்டு மூணு பேருக்கும் பழசு மறந்துபோச்சு. ஒரு கைப்பிடி வைக்கத் துப்பில்ல, ஹெலிகாப்டர் வச்சிருக்காங்க" என்பார். "ஆறு மாசமா நினைவில்லாமக் கிடக்கறாளே, அவளுக்கு யாரு தினம் புருவம் எழுதறது?" என்பார். பேய்ப் படம் என்றால், "நடு ஹால்ல பேய் நிக்குது. லைட்டு சுவிட்சு பக்கத்துலயே இருக்கு. குடும்பமே சேர்ந்து டார்ச்சைத் தேடுது" என்பார். போன கிறிஸ்துமஸ் படத்தின் மீதுதான் அவருக்கு மிகுந்த கோபம். "ஹீரோ நம்மள மாதிரி ட்ரைசைக்கிள்காரனாம். ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவைகூட பெட்ரோல் போடல. சில்லறை இல்லைன்னு ஒருத்தன்கூட சண்டைக்கு வரல. அது என்னங்க வண்டி? நான் அந்த வண்டிய வாங்கிக்கறேன்."

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காரணம் காட்டி, மழையிலும் நடந்தே போக ஆரம்பித்தாள். ஊரில் யாரும் அந்த டாக்டரின் பெயரைக் கேட்கவில்லை.

வண்டி ஸ்டாண்டை ஒட்டி ப்ருதென்சியாவின் சாப்பாட்டுக் கடை. எல்லோருக்கும் அவள் டென்சியா. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணித் தொடர் ஓடும் நேரத்தில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கி, வெந்நீர் பேசினில் காலை விட்டு, போனை வினிகர் பாட்டிலில் சாய்த்து வைத்து, அந்த வாரத்து ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்ப்பாள். அடுப்புப் புகையில் ஆறு நாள் நிற்பதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். திங்கள் முதல் ஞாயிறு வரை அவள் கடையில் அந்தத் தொடரைப் பற்றி டிரைவர்கள் எவரும் வாய் திறப்பதில்லை. பசிக்கிறவன் சமைக்கிறவளைப் பகைத்துக்கொள்ள மாட்டான்.

அன்செல்மோவும் பகைத்துக்கொள்ள நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், இலவசமாகத் தருகிற புளிச்சாற்றை இரண்டாம் முறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நியாயத்தைத்தான் கேட்டார். "ஏன் டென்சியா, டோன்யா ஃப்ளாவியா அந்தத் தீயில போய்ச் சேர்ந்தாளே, அவ்வளவு பெரிய வீட்டுல ஒருத்தனுக்காவது ஒரு வாளி தண்ணி எடுக்கத் தோணலையா?"

அவருடைய புகார் வாளியைப் பற்றியது. டென்சியாவின் காதில் வாளி விழவில்லை.

டோன்யா ஃப்ளாவியா அந்தத் தொடரின் கொடுமைக்கார மாமியார். ஊரே அவளைத் திட்டும். டென்சியா மட்டும் திட்டுவதில்லை. வேலைக்காரிகள் சாப்பிட்டாகிவிட்டதா என்று அந்த மாளிகையில் கேட்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது டென்சியாவின் கட்சி. கரண்டியைச் சாற்றிலேயே போட்டாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேரே ஊராட்சி மாதிரியான பாரங்காய் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த ஆளுக்குச் சோறு போட்டாள்.

எங்கள் ஊரில் அண்டை வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சண்டையென்றால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு ஊர்த்தலைவரான பாரங்காய் கேப்டன் முன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அன்செல்மோவின் கவலை வேறொன்று. பாரங்காயில் தீராத வழக்கு உள்ளவரின் வண்டி, ஸ்டாண்டில் சவாரி வரிசையில் நிற்கக் கூடாது என்று ட்ரைசைக்கிள் சங்கத்தில் விதி இருந்தது. சனிக்கிழமை விசாரணையில் சமாதானக் கையெழுத்து ஆகாவிட்டால் திங்கள் காலையிலிருந்து அவருக்கு வரிசை கிடையாது.

அன்றிரவு தொடர் ஓடும் நேரத்தில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சலோமேயிடம் புலம்பினார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"நேத்து தீ பிடிச்சப்போ மழை வந்துச்சு. நீங்க வண்டிக்குத் தார்ப்பாய் போடப் போனீங்க. திரும்பி வந்தப்போ செய்தி ஓடுது. மீதிய எங்க பார்த்தீங்க?"

"பார்க்கணுமா என்ன? இருபத்தாறு வருஷமா கண்ணுல படுது. அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"சரி" என்றாள் சலோமே. தெரிந்தவரிடம் சொல்ல என்ன இருக்கிறது.

சனிக்கிழமை காலை கேப்டன் ரொகேலியோ விசாரணையைத் தொடங்கினார். செயலாளர் ஃபெலிசா படிவத்தை விரித்தாள்.

"மூணாவது கட்டத்துல, எதிர்த்தரப்பு சொன்ன வார்த்தைகள அப்படியே எழுதணும்" என்றாள். "குயா செல்மோ, நீங்க என்ன சொன்னீங்க?" எங்கள் ஊரில் மூத்தவர் ஆணென்றால் குயா, அதாவது அண்ணன்; பெண்ணென்றால் ஆத்தே, அக்கா.

அன்செல்மோ தொண்டையைக் கனைத்தார்.

"இருங்க குயா, சொல்லாதீங்க" என்றாள் ஃபெலிசா. "வியாழக்கிழமை விஷயமா? நான் செவ்வாய் வரைக்கும்தான் பார்த்திருக்கேன்."

"கேப்டன்கிட்ட சொல்றேன்."

"வியாழக்கிழமை நான் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் கேப்டன். "என்கிட்டயும் சொல்லாதீங்க."

"அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?" என்று அன்செல்மோ நியாயமாகவே கேட்டார்.

இதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் கேப்டன் ஒரு வழி கண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் தான் சொன்னதைத் தானே ஒரு தாளில் எழுதி, மடித்து, நான்கு ஓரமும் பின் அடித்துக் கொடுத்தார். ஃபெலிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைப் படிவத்தோடு சேர்த்தாள். மூன்றாம் கட்டத்தில் 'இணைப்பில் காண்க, ஆனால் காண வேண்டாம்' என்று எழுதினாள்.

"இப்ப உங்க பக்கத்தைச் சொல்லுங்க" என்றார் கேப்டன்.

"கேப்டன், அந்தத் தொடர்ல எவன் நிஜமா செத்திருக்கான்? கப்பல் மூழ்குச்சு, வந்துட்டான். புதைச்சாங்க, வந்துட்டான். அந்த வக்கீலுக்கு ரெண்டு தடவை அடக்கப் பூசை வச்சாங்க, இப்ப கல்யாணம் பண்ணிக்கப் போறான். சாவே இல்லாத ஊர்ல ஒருத்தி செத்துட்டான்னு சொன்னா அது எப்படிக் குத்தமாகும்?"

"யாரோ சாகறாங்களா?" என்றாள் ஃபெலிசா மெல்லிய குரலில்.

கேப்டன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வருவாங்கன்னு எனக்கும் தெரியும் குயா" என்றாள் டென்சியா. "செத்துட்டாங்கன்னு நினைச்சு அழறேன் பாருங்க, அதுக்குத்தான் நான் பார்க்கறேன். வாரம் முழுக்க எனக்கு அழ நேரமில்ல. அந்த அழுகைய வெள்ளிக்கிழமை மதியம், நாப்பது பேருக்குச் சோறு போடற நேரத்துல தூக்கிக் கையில குடுத்துட்டீங்க. நான் அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அன்செல்மோ எரிச்சலோடு கேப்டன் பக்கம் திரும்பினார்.

டென்சியாவின் நிபந்தனை எளிது. ஞாயிறு மாலை ஆறு மணி வரை அந்த வாரத் தொடரைப் பற்றி அவர் எவரிடமும் பேசக் கூடாது.

"கருத்து மட்டும் சொல்லலாம்ல?" என்றார் அன்செல்மோ. "நடந்ததச் சொல்லல. நடந்தது எவ்வளவு மட்டமா இருக்குன்னு மட்டும்."

"அது முடியுமா உங்களால? ஒண்ணு சொல்லிக் காட்டுங்க" என்றார் கேப்டன்.

அன்செல்மோ யோசித்தார். "அந்த வீட்டுல ஒரு வாளிகூட இல்ல."

"தீயா?" என்றார் கேப்டன். "தீ பிடிக்குதா?"

"சரி, விடுங்க. டோன்யா நடிப்பு பரவால்ல. இனிமே சம்பளம் குடுக்க வேண்டியதில்லன்னு நினைக்கறேன்."

ஃபெலிசா பேனாவைக் கீழே வைத்தாள்.

ஒப்பந்தத்தில் கருத்துக்கும் இடமில்லை என்று எழுதப்பட்டது. அத்துடன் கேப்டன் ஒரு பரிகாரமும் சேர்த்தார். ஞாயிறு மதியம் அன்செல்மோ டென்சியாவின் கடையில் உட்கார்ந்து ஐந்து பகுதிகளையும் அவளோடு வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். மீறினால் வழக்குத் திரும்ப உயிர் பெறும், வரிசையும் போகும். அன்செல்மோ கையெழுத்துப் போட்டார். டிவி பார்க்காத மனிதருக்கு இதைவிடக் கொடிய தண்டனை தர முடியாது என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம் டென்சியா அவித்த வாழைப்பழம் ஒரு தட்டு நிறைய வைத்தாள். "இதுக்கு வாயைத் திறங்க. வேற எதுக்கும் வேண்டாம்."

திங்களும் செவ்வாயும் போயின. மாடிப்படியில் ஒருத்தி உருண்டாள். அன்செல்மோ ஒரு பழத்தை முழுதாக வாயில் அடைத்துக்கொண்டார். புதன்கிழமை வக்கீல் மழையில் நின்று காதலைச் சொன்னான், பக்கத்திலேயே போர்டிகோ இருந்தது. இன்னொரு பழம். மூன்றரை மணிக்கு வியாழக்கிழமை வந்தது. திரைச்சீலையில் தீ பிடித்தது. டென்சியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளியிலிருந்து அழுததில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

மழை வந்த இடம் கடந்தது. தார்ப்பாய் போட்ட இடம் கடந்தது. அதற்கப்பால் அன்செல்மோ கண்ணில் படாத பிரதேசம். கூரை சரிந்தது. புகைக்குள்ளிருந்து, ஒரு வேலைக்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தோட்டத்துக் கதவு வழியாக டோன்யா ஃப்ளாவியா நடந்து வந்தாள்.

தட்டில் பழம் தீர்ந்துபோயிருந்தது.

"அடிப்பாவி, இவ சாகவே இல்லையா?" என்றார் அன்செல்மோ. "வீடே எரிஞ்சு விழுது, வேலைக்காரியோட வெளிய வர்றா."

பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் யாரோ குனிந்து நிற்பது அப்போதுதான் தெரிந்தது. ஃபெலிசா, ராத்திரிக்குப் புளிச்சாறு வாங்கக் கையில் தூக்கோடு வந்திருந்தாள்.

"குயா" என்றாள் அவள். "நான் இன்னும் செவ்வாய்லதான் இருக்கேன்."

டென்சியா போனை நிறுத்தினாள். கால் இன்னும் பேசினில்தான் இருந்தது. "மூணு நாளா அழுதிருக்கேன் குயா. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியாம அழுதிருக்கேன். சாகாதவளுக்கு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, அங்க எவனும் சாகறதில்லைன்னு."

"ஆத்தே டென்சியா, பேனா இருக்கா?" என்றாள் ஃபெலிசா.

டென்சியா கடன் நோட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டி ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள். திங்கள் காலை வரிசை போனது அன்செல்மோவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. போன வரிசை போனதுதான். நின்ற திரையை ஒரு முறை உற்றுப் பார்த்தார்.

"எழுதறதுன்னா இதையும் சேர்த்து எழுதிக்கோம்மா" என்றார். "அவ்வளவு பெரிய தீ. தலையில ஒரு முடி கலையல."