ரோஸ் சிரப் ரத்தம்

தாம்பரம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நான் வாத்தியார். நாங்கள் நடத்திய செய்முறைப் பயிற்சியில் பேனர், பூங்கொத்து, பிரியாணி எல்லாம் இருந்தன. ரத்தம்தான் இல்லை.

விஷயம் இதுதான். வேர் முற்றுமுன் பல் செத்துப்போனால், உள்ளே சுத்தம் செய்து, வேர்நுனிக்கு அப்பால் ஊசியால் கிளறவேண்டும். ஊறிவரும் ரத்தம் உறையும். அதைப் பற்றிக்கொண்டு வேர் மறுபடி வளரப் பார்க்கும். எங்களிடம் இருந்தவையோ பிடுங்கிய பற்கள். பஞ்சில் ரோஸ் சிரப்பை ஊற்றி அதில் நட்டுவைத்தோம். மாணவர்கள் கிளறினார்கள், சிவப்பு ஏறியது, கைதட்டினோம். அரைமணியில் எறும்பு வந்தது.

"மச்சான், உன் பேஷன்டுக்கு சுகர்டா!" என்று ஒரு மாணவன் பக்கத்திலிருந்தவனைக் கலாய்த்தான்.

சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ். எறும்புக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் நிஜம் வந்தது. ஒன்பது வயதுச் சிறுமி. சேலையூரில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் செத்திருந்தது. பல்லை முன்பே சுத்தம் செய்து மருந்து வைத்திருந்தோம். வேர் வளராவிட்டால் காகிதம்போல் மெலிந்த அந்தப் பல் என்றாவது முறியும். பயிற்சியில் முதலில் சிவப்பை வரவழைத்த மாணவிதான் மரப்பு ஊசி போட்டுக் கிளறினாள். வரவில்லை. மறுபடி கிளறினாள். சொட்டுகூட இல்லை. நெற்றி வியர்க்க என்னைப் பார்த்தாள்.

சிறுமியின் அம்மா, மீன் விற்பவர், பக்கத்தில் நின்றிருந்தார். "இன்னா சார் இது, ரத்தம் வர்லன்னு பேஜாராவுற டாக்டர இப்பத்தான் பாக்கறேன்!"

தட்டில் காலி மருந்துக்குழல் கிடந்தது. வழக்கமான மரப்பு மருந்து. ரத்தக்குழாயைச் சுருக்கும் சரக்கு கலந்தது. ரத்தம் வேண்டிய நாளில் ஆகாதது. பிடுங்கிய பல்லுக்கு மரப்பு ஊசி எதற்கு என்று பயிற்சியில் அந்தப் பாடத்தைத் தாண்டிப்போனவன் நான்தான். அன்று பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னோடது. நான் சொல்லித்தரல" என்றேன், அம்மாவுக்கும் கேட்கும்படி.

மருந்து வைத்து மூடி, இன்னொரு நாள் வரச்சொன்னோம். வந்தார்கள். இம்முறை கலப்பில்லாத ஊசி. கிளறினாள். பள்ளிக்கரணைச் சதுப்பில் மழைத்தண்ணீர் ஏறுவதுபோல, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், சிவப்பு மேலே வந்தது.

"இன்னாம்மா, ரத்தத்தப் பாத்து சிரிக்கிற?" என்றார் அம்மா.

மாணவி நிமிரவில்லை. உறைவதற்காகக் காத்துக்கொண்டே முகமூடிக்குள்ளிருந்து முணுமுணுத்தாள்:

"சார், இதுக்கு எறும்பு வராதுல்ல?"