எதிரே வந்தவர்கள் அடித்த லைட்டு

மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் கார் விளக்கைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன்பு நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய போர்வீல் வண்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். அந்த யாரோ நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடைக்கும்.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்திருந்தோம். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, வலி கண்டதும் ஓடி வர முடியாது. எங்கள் வீடு தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கு வைத்த செம்பனை. வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. தார்ச்சாலையைத் தொட மண் சடக்கில் வெகுதூரம் வரவேண்டும். தெருவிளக்கு கிடையாது. நடுவில் ஓடைக்கு மேலே ஒரு பலகைப் பாலம், ஒரு வண்டி போகிற அகலம்தான். அதன் கைப்பிடியை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போனில் கூப்பிடும் வாடகைக் கார்கள் மழையில் உள்ளே வரமாட்டா. ஆம்புலன்ஸ் வழி கேட்டு வந்து சேர்வதற்குள் பிள்ளை தவழவே ஆரம்பித்துவிடும் என்று மகள் கேலி செய்வாள். ஆக, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக இருந்தது அந்த ஒரு வண்டி. ஓட்ட இருந்தவர் அவர் ஒருவர்.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. பள்ளிக் கேண்டீன் நடத்திய காலத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டியவள் நான். ஆனால் போர்வீல் சாவியை மட்டும் அவர் தரமாட்டார். தோட்டத்து லாரி ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், எங்கே உட்கார்ந்தாலும் சொல்வார். "இது கனமான வண்டி, ஒனக்குச் சரிப்படாதுலா" என்பார். எத்தனை தடவைதான் சண்டை போடுவது? விட்டுவிட்டேன்.

"லைட்டு செத்துப்போச்சு, ரோடே தெரியல" என்றார் ஒருநாள் வேலை முடிந்து இருட்டில் வந்ததும். முதலில் பழுத்துப்போயிருந்த விளக்குக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்தார். புதிதாக வாங்கி வைத்திருந்த பற்பசை அத்தனையும் காலி. மறுநாள் காலையில் நாங்கள் உப்பில் பல் துலக்கினோம். கண்ணாடி பளிச்சென்று ஆனது, ஆனால் அவருக்குப் போதவில்லை. அதே வகையில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமுள்ள பல்பு வாங்கி மாட்டினார். அதுவும் போதவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஈப்போவில் கார் சாமான் விற்கும் சீனர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முன்விளக்கு இரண்டுக்கும் வெள்ளை எல்.இ.டி. கேட்டார். கீழே பம்பரில் பனிமூட்டத்துக்கென்று இரண்டு விளக்குகள் உண்டு, மஞ்சளாக எரியும். அவற்றையும் மாற்றச் சொன்னார். மழைக்கும் பனிக்கும் மஞ்சள் இருக்கட்டுமே என்று கடைக்காரர் மலாயில் சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. எல்லாம் வெள்ளையானது. கடைக்காரர் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி, வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் விழாத உயரத்துக்குத் திருகிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் பானெட்டைத் திறந்து, திருப்புளியால் அதை மறுபடி மேலே ஏற்றினார்.

"ஏங்க, அந்த ஆளு கணக்கா வச்சித்தானே குடுத்தான்?"

"தூரமா தெரிய வேணாமா? புள்ளய ஏத்திக்கிட்டுப் போற வண்டிலா இது."

அன்று பொழுது சாய்ந்ததும், பழம் வாங்கலாம் என்று சொல்லி என்னை ஏற்றிக்கொண்டு இரவுச் சந்தைக்குக் கிளம்பினார். உண்மையில் விளக்கைப் பார்க்கத்தான். செம்பனை மட்டைகள் நுனிவரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தன. தார்ச்சாலை ஏறியதும் எதிரே வந்த கார் ஒன்று ஹைபீமை இரண்டு தடவை அடித்தது. எங்கள் ஊரில் அப்படி அடித்தால் முன்னால் ரோட் புளோக், போலீஸ் நிற்கிறது என்று பொருள். முன்பின் தெரியாதவன் செய்கிற உபகாரம். இவர் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி நன்றி காட்டினார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் அடித்தது. அதற்கும் கை. பிறகு ஒரு வேன், ஒரு லாரி. எல்லாருக்கும் கை.

சந்தை வந்துவிட்டது. ஒரு போலீசையும் காணோம்.

"எங்கங்க ரோட் புளோக்?"

"மழ வரமாதிரி இருக்குல்ல, ஏறிப் போயிருப்பானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி முழுக்க அவர் ஓட்டும் விதத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டினார். திரும்பி வரும்போது, "யாரோ குப்ப எரிக்கறானுங்க, ஒரே பொகையா இருக்கு" என்றார். ஒரு பொட்டுப் புகை இல்லை. 

வீட்டுக்கு வந்ததும் சொல்லியேவிட்டேன். "லைட்டுல ஒன்னும் கொறையில்ல. ஒங்க கண்ணுலதான். நாளைக்கே போயி காட்டுங்க."

"என் கண்ணுக்கு என்னா? பேப்பர் படிக்கல?"

"தலைப்பத் தவிர எத படிக்கறீங்க?"

அவர் முகம் சிறுத்துப்போனது. "புள்ள பொறக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் முதலில் பேசும். அன்று நன்றாகவே பேசின. உள்ளறையிலிருந்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள். "கை தவறிடுச்சு" என்றேன். பிரசவத்துக்குக் காத்திருக்கிற பெண்ணிடம், உன்னை ஏற்றிக்கொண்டு போகப்போகிற ஆளுக்குக் கண் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேண்டுதல்தான். வலி பகலில் வரவேண்டும். சுகப்பிரசவம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம். முதலில் வெயில் இருக்கும்போது வலி வரட்டும். சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். விடிந்தால்தான் படுப்பேன்.

வந்ததோ நல்ல மழையில், விளக்கு வைக்கிற நேரத்தில். மகள் குளியலறையிலிருந்து, "அம்மா, தண்ணி ஒடஞ்சிருச்சும்மா" என்றாள். அவர் ஏற்கெனவே சாவியோடு வாசலில் நின்றிருந்தார். மகளைப் பின்னால் படுக்கவைத்து, துணிப்பையைத் தூக்கிப் போட்டு, நான் முன்னால் ஏறினேன். "நான் ஓட்டறேன், குடுங்க" என்றேன். "நேரம் தெரியாம பேசாத" என்றார். மகளுக்கு முன்னால் மல்லுக்கட்ட எனக்கு வாய் வரவில்லை.

மண் சடக்கில் வண்டி இறங்கியது. வெள்ளை வெளிச்சம் மழையில் பட்டு எங்கள் பக்கமே திரும்பி வந்தது. ஆனாலும் எனக்குப் பாதை தெரிந்தது. குழி தெரிந்தது, குழிக்குள் நிற்கிற தண்ணீர் தெரிந்தது. அவர் எல்லா வளைவிலும் சரியாகத் திரும்பினார். தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலையின் சுவர் வரும்முன்பே கியரைக் குறைத்தார். ஒருவேளை நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் லாரி தெரிந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் சக்கரம் புதைந்து, பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்விளக்கு இல்லை, ஆளும் இல்லை. எங்கள் வெளிச்சம் அதன் மேல் முழுதாக விழுந்தது. பின்கதவின் துருவும், நம்பரும், மேலே அடுக்கியிருந்த குலைகளும் எனக்குத் தெரிந்தன. இவர் பார்த்துவிட்டார், இதோ பிரேக் போடுவார் என்று இருந்தேன். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"நிப்பாட்டுய்யா!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி சேற்றில் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்கதவுக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றது. பின்னால் மகள் அலறினாள். நான் திரும்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குக் கத்துன?" என்றார் அவர்.

"முன்னால லாரி நிக்குதுங்க."

"எங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டுகிற மாதிரி, பகல்போல் வெளிச்சத்தில் நின்றது லாரி. அவர் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, அதைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிஞ்சியது, அவர்மேல் பரிதாபமும்.

"எறங்குங்க" என்றேன். இந்தத் தடவை இறங்கினார். மழையில் நனைந்துகொண்டே, பானெட்டைக் கையால் தடவிக்கொண்டு சுற்றி வந்தார். நான் நகர்ந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். சீட்டு எனக்கு எட்டவில்லை. நுனியில் உட்கார்ந்துதான் கிளட்சை மிதிக்க முடிந்தது. பின்னுக்கு எடுத்து, லாரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த சந்தில் வண்டியை விட்டேன். வலது பக்கச் சக்கரம் ஒருமுறை சரிந்து ஏறியது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்து பாலம். அடியில் ஓடை பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. முதல் கியரில் ஊர்ந்தேன்.

"தெரியுதா?" என்றார் அவர். கேட்ட குரலே வேறாக இருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் பின்னால் என் பிள்ளை படுத்திருந்தாள்.

"தெரியுது. ஒவ்வொரு பலகையும் தெரியுது. ஆணிகூட தெரியுது."

பாலத்தைத் தாண்டியதும் கேட்டேன்.

"பின்ன இத்தன நாளா எப்படிங்க பாலத்துல ஓட்டுனீங்க?"

"சத்தத்த வச்சி. டயரு பலகையில ஏறனா ஒரு சத்தம் வரும். அப்புறம் நேரா புடிச்சிக்குவேன். ரோடு எனக்கு மனப்பாடம். லாரி நிக்கும்னு யாரு கண்டா" என்றார்.

தார்ச்சாலை ஏறினேன். எதிரே வந்த முதல் காரே விளக்கை அடித்தது. ஓட்டி வந்தவர் முகத்துக்குக் குறுக்கே புறங்கையை வைத்துக்கொண்டு, வண்டியை ஓரத்துக்கு ஒடித்து எங்களைத் தாண்டிப் போனார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் தடுமாறியது. மழைக்கோட்டுப் போட்ட பெண், பின்னால் ஒரு பிள்ளை. அவர்களும் அடித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இவர்கள் யாரும் போலீசைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்தில் இவர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி நன்றி காட்டிக்கொண்டிருந்தார். நான் பம்பர் விளக்கை அணைத்தேன். முன்விளக்கை என்ன செய்வது? ஏற்றித் திருகி வைத்தது அவர் கை. ஆள் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஈப்போ வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, வண்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

பேத்தி அன்றைக்கே பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். பிள்ளைக்கு முப்பதாம் நாள் சடங்கு கழிவதற்கு முன்பே அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை, கூப்பிட்டதும் வந்தார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் பேத்தியைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோய், "ஒங்க பாட்டி மூக்குலா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு அவள் மூக்கே தெரியாது.

விளக்கை மாற்ற வேண்டும் என்று எனக்கு நினைப்பிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் எதற்கு நேரம் கிடைக்கிறது? இருட்டில் ஓட்டாமல் சமாளித்துக்கொண்டேன். ஒருநாள் மட்டும் மருந்து வாங்கத் தாமதமாகிவிட்டது. வீட்டுச் சந்தில் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

வெளிச்சம் அவர் மேல் முழுதாக விழுந்தது. சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, பிள்ளையின் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அண! மொதல்ல அண! புள்ள கண்ணு என்னா ஆவும்?"

அணைத்தேன். இறங்கி அருகில் போனேன். அவர் கண்ணைக் கொட்டிக்கொட்டி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமோ கேட்பதுபோல், "இத வச்சிக்கிட்டா ஓட்டுனேன்?" என்றார். வண்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு எதுக்க வந்தவங்க அடிச்சது..."

"ரோட் புளோக்குக்கு இல்லங்க."

"கையத் தூக்குனனே" என்றார். "எல்லாருக்கும் கையத் தூக்குனனே."

விளக்கை அணைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. வாசலில் நன்றாக இருட்டிவிட்டது. பேத்தியின் கண்ணை மறைத்திருந்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.