பக்கத்துக் கட்டில் இருமல்

எங்கள் அத்தை மருத்துவம் படித்ததில்லை. மூன்று பிள்ளை பெற்றிருந்தாள். கடைசியை வயிற்றைக் கீறி எடுத்தார்கள். அதற்காக முதுகில் போட்ட ஊசியால்தான் தன் இடுப்பு போயிற்று என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லுவாள். எங்கள் குடும்பத்தில் டாக்டராக அவ்வளவு தகுதி போதும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மாவின் நுரையீரலில் கட்டி இருக்கிறது என்று பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேட்டையில் எங்கள் வீடு ஓடியதே அம்மாவால்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வந்தால் மாவாட்டுவது, தண்ணீர் பிடிப்பது, அப்பாவுக்கு வெந்நீர் வைப்பது. விலாவுக்கு நடுவே கீறித்தான் கட்டியை எடுக்கவேண்டும் என்றதும் அத்தை அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்களில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் மூத்தவர்கள் கூடித்தான் முடிவெடுப்பார்கள். படுக்கப்போகிறவளைக் கேட்கிற வழக்கமில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். முதுகில், விலா நரம்பு கிளம்பும் இடத்தருகே மெல்லிய குழாய் வைத்து மருந்து விட்டால் அந்தப் பக்கம் மட்டும் மரத்துவிடும் என்று நிதானமாகச் சொன்னார். "வலி இல்லன்னாத்தான் நல்லா மூச்சு இழுத்து இரும முடியும். இருமலன்னா சளி உள்ளேயே தங்கிரும்."

முதுகு என்ற சொல்லுக்குப் பிறகு அத்தையின் காதில் எதுவும் விழவில்லை. "முதுகுலயா? என் கதியப் பாத்தேல்லா லே," என்று அப்பாவிடம் திரும்பினாள். "நெஞ்சு நாலு நாள்ல ஆறிரும். முதுகு போச்சுன்னா பெறவு வீட்டுல யாரு குனிஞ்சு நிமிருவா?"

அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா சொல்லுதாவல்லா மதினி. போட்டுக்கிடுதேனே."

"நீ சும்மா இரி," என்றாள் அத்தை.

அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கையில் ஏற்றும் மருந்தை வைத்துப் பார்க்கிறோம், ஆனால் இதற்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி நெஞ்சைக் கீறிய ஓர் அம்மாள். அவள் முதுகிலிருந்து நூல்போல ஒரு குழாய் தோள்வழியே வந்தது. நர்ஸ் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னதும், வார்டே அதிர இருமிக் கோழையைத் துப்புவாள். கொஞ்ச நேரத்தில் இட்லி கேட்பாள். அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவோ அசையாமல் கிடந்தாள். நர்ஸ் எவ்வளவு கெஞ்சினாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். மூச்சைக்கூட அரைகுறையாகத்தான் இழுத்தாள்.

சபையிலிருந்து ஜெபம்பண்ண வந்தவர்கள் வியந்துபோனார்கள். "ஒரு அனக்கம், ஒரு முனகல் உண்டா பாரேன். ஆண்டவரு நல்ல பொறுமயக் குடுத்திருக்காரு." அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பொறுமை அம்மாவின் நுரையீரலில் சளியாகக் கட்டியது. காய்ச்சல் ஏறி, மூச்சுக்கு மெஷின் வைத்தும் கேட்காமல், பக்கத்துக் கட்டில் அம்மாள் வீட்டுக்கு நடந்துபோன வாரமே அம்மா செத்துப்போனாள். பெட்டியில் வைப்பதற்காகக் குளிப்பாட்டினார்கள். முதுகில் ஒரு ஊசிக் குத்துகூடக் கிடையாது. வீட்டில் குனிந்து நிமிர அதன்பிறகு நான் இருந்தேன். அத்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அக்காவை எதிர்த்து வாய் திறக்காத அப்பாவை அதைவிட.

ஆனால் அம்மா அந்த வார்டில் கிடந்தபோது எனக்கு யார்மேலும் கோபமில்லை. ஒரு சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால், யாருக்காக விண்ணப்பம் பண்ணப்போகிறாய் என்று அத்தை கேட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்காக என்றேன். நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினாள். நான் முழங்காலில் நின்று, அந்த அம்மாளின் இருமலை நிறுத்தும்படி மனமுருகக் கேட்டேன். அம்மாவுக்காகக் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள்தான் இருமவே இல்லையே.